தபாற் பையும் இணைய உலாவியும்

நமது மலரிலே சரித்திரக் கட்டுரை என்றால் ஒரு கோயிலைப் பற்றியோ, ஒரு தொழிற்சங்கத் தலைவரைப் பற்றியோ, மலையேறி வந்த இரயில் பாதையைப் பற்றியோ எழுதுவதுதான் வழக்கம். இம்முறை இணைய உலாவியைப் பற்றி எழுதத் துணிந்தோம். "உலாவியா? அது என்ன பண்டம்?" என்று கேட்கும் பெரியவர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. கைத்தொலைபேசியிலோ கணினியிலோ ஒரு பத்திரிகையைப் படிக்கவும், பரீட்சைப் பெறுபேற்றைப் பார்க்கவும், வேலைக்கு விண்ணப்பிக்கவும் நாம் திறக்கின்ற சாளரமே உலாவி. பிள்ளைகள் அதைப் பிரௌசர் என்பார்கள். குரோம், பயர்பொக்ஸ், ஒபேரா, சபாரி என அதில் பல வகை உண்டு. போன் வாங்கும்போதே ஒன்று அதற்குள் இருக்கும். அதையே கடைசிவரை பாவித்துவிட்டுப் போகிறோம். ஹற்றன் கடைத்தெருவில் ஒரு சோடி செருப்பு வாங்குவதற்கு நான்கு கடை ஏறி இறங்குகிற நாம், இந்த விஷயத்தில் மட்டும் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கிறோம்.

இருந்தால் என்ன குறை என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை சொல்வதற்கு அமெரிக்காவிலிருந்து தொடங்குவது முறையன்று. நம்முடைய தோட்டத்திலிருந்தே தொடங்க வேண்டும்.

1884ஆம் ஆண்டில் ஹற்றனுக்கும், அதற்கு அடுத்த ஆண்டில் நானுஓயாவுக்கும் இரயில் வந்தது. இரயிலோடு தபாலும் வந்தது. ஆனால் பட்டணத்துத் தபாற் கந்தோர்வரை வந்த கடிதம், லயத்துக்கு எப்படி வந்து சேர்ந்தது? தோட்டத்திலிருந்து நாள்தோறும் ஓர் ஆள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையிறங்கிப் போவான். பட்டணத்தில் கடிதங்களைப் பெற்றுக்கொண்டு திரும்ப மலையேறுவான். அந்தப் பை லயத்துக்குப் போகாது. நேரே தோட்டத்துக் கந்தோருக்குப் போகும். அங்கேதான் அதை அவிழ்ப்பார்கள். துரையின் கடிதம் துரைக்கு, கந்தோர்க் கடிதம் கிளாக்கருக்கு, மிஞ்சியது லயத்துக்கு. யாருக்கு எங்கேயிருந்து கடிதம் வருகிறது, எத்தனை வருகிறது என்பது, கடிதத்துக்குரியவன் அறியுமுன்னே கந்தோருக்குத் தெரிந்துவிடும்.

இது வெள்ளைக்காரர் காலத்தோடு முடிந்துபோன கதையுமன்று. லயக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாதபடியால், சுதந்திரத்துக்குப் பின்னும் பல பத்தாண்டுகளாகப் பெயர், டிவிசன், தோட்டம் என்று எழுதிய கடிதங்கள் கந்தோர் வழியாகவே வந்தன. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம், அந்த நாள் கடந்த பிறகு கையில் கிடைத்த கதையைச் சொல்லாத தோட்டம் உண்டோ என்பது சந்தேகமே.

கடிதம் கைக்கு வந்தாலும் அந்தரங்கம் வந்துவிடவில்லை. எழுத்தறியாத தாய்மார் அதைப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோக வேண்டும். அவர் கணக்கப்பிள்ளையாயிருக்கலாம், தோட்டப் பள்ளிக்கூடத்து மாஸ்டராயிருக்கலாம், லயத்துப் பையனாகவும் இருக்கலாம். எமது பாட்டியின் தமையனார் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போனவர்களுள் ஒருவர். கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் குடியேறினார். அவர் எழுதும் கடிதத்தை வாசலில் வைத்து ஒருவர் உரத்த குரலில் படிப்பாராம். அடுத்த காம்பராக்காரர்களும் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்களாம். "அங்கே மகளுக்குச் சீதனம் எவ்வளவு, இங்கே எவ்வளவு கடன் என்று எல்லாருக்கும் தெரியும். அதற்கென்ன செய்வது? படிக்க ஆள் வேண்டுமே" என்பார் பாட்டி. வசதி வேண்டுமென்றால் அந்தரங்கத்தைக் கொடுக்க வேண்டும். அதுவே அன்றைய விலை.

கடிதத்தைவிடப் பெரிது பேரேடு. 1901ஆம் ஆண்டளவில் தகர டிக்கட் முறை வந்தது. இந்தியாவிலிருந்து புறப்படும் ஆளுக்கு ஒரு தகர வில்லை. அதில் மாவட்டத்துக்கும் தோட்டத்துக்கும் உரிய இலக்கங்கள் வெட்டப்பட்டிருக்கும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கடல் கடந்தவர்கள் நம் மூதாதையர். இலக்கத்தைப் பார்த்து ஆளை எந்தத் தோட்டத்துக்கு அனுப்புவது என்று இடையிலுள்ளவர்கள் தீர்மானித்தார்கள். அதை அணிந்தவனுக்கோ, அந்த இலக்கம் என்ன சொல்கிறது என்று வாசிக்கத் தெரியாது. அதைப்போலவே துண்டு முறையும். இன்ன தொகை கடனைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. சீட்டைக் கங்காணி வேறு தோட்டங்களில் காட்டி ஆட்களை மாற்றுவான். 1921ஆம் ஆண்டில் சட்டத்தால் அம்முறை ஒழிந்தது. செக்ரோல் மட்டும் ஒழியவில்லை. பிரட்டுக்களத்தில் பெயர் விழுந்ததா, அரைப்பேரா, முழுப்பேரா என்பது அந்தப் புத்தகத்தில் இருந்தது. புத்தகம் கந்தோரில் இருந்தது.

பேரேடு இருப்பதே கேடு என்று சொல்ல வரவில்லை. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் பிரசாவுரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பித்தவர்கள், மணமானவராயின் ஏழு வருடமும், மணமாகாதவராயின் பத்து வருடமும் இந்நாட்டில் தொடர்ந்து வசித்ததை நிரூபிக்க வேண்டியிருந்தது. எழுத்தில் உள்ள பதிவுகளே அங்கே பேசின. பதிவு கையிலில்லாதவன் தன் வாழ்க்கையையே நிரூபிக்க முடியாமல் நின்றான். விண்ணப்பித்தவர்களுள் பெரும்பாலோர் நிராகரிக்கப்பட்டனர். ஆகவே பதிவு நன்மைக்கும் ஆகும், தீமைக்கும் ஆகும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: நம்மைப் பற்றி எழுதப்படும் ஏடு யார் கையில் இருக்கிறது?

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு இனி உலாவியின் சரித்திரத்துக்குள் புகுவோம்.

1990ஆம் ஆண்டின் இறுதியில், சுவிற்சர்லாந்தில் ஜெனீவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ என்னும் ஆங்கிலேயர் முதலாவது உலாவியை எழுதினார். 1993ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30ஆம் திகதி, இந்த வலையை யாரும் இலவசமாகப் பாவிக்கலாம் என்று அந்த நிலையம் அறிவித்தது. அதே ஆண்டில் அமெரிக்காவின் இலினோய்ஸ் சர்வகலாசாலையிலிருந்து மொசேக் வந்தது. எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியதால் அது உலகெங்கும் பரவிற்று. அதைச் செய்தவர்களுட் சிலர் நெட்ஸ்கேப் கொம்பனியைத் தொடங்கி 1994இல் தமது உலாவியை வெளியிட்டார்கள். 1995இல் மைக்குரோசொவ்ற் கொம்பனி இன்டர்நெட் எக்ஸ்புளோரரை வெளியிட்டது. பிறகு இரண்டுக்கும் நடந்த யுத்தம், அமெரிக்க அரசாங்கம் 1998இல் தொடுத்த வழக்கு ஆகியவை தனிக் கட்டுரைக்குரியவை. 2002, 2003ஆம் ஆண்டுகளில் உலகத்தில் பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் எக்ஸ்புளோரரையே பாவித்தார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

நாம் நின்று பார்க்க வேண்டிய இடம் 1994. நெட்ஸ்கேப்பில் வேலை செய்த லூ மொன்ருல்லி என்பவர் அவ்வாண்டில் குக்கி என்னும் ஒன்றை ஆக்கினார். பெயர் பிசுக்கோத்தின் பெயர். பொருளோ ஒரு சிறு சீட்டு. அதுவரை ஓர் இணையத் தளத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், முந்திய பக்கத்தில் வந்தவர் இவர்தான் என்று அதற்குத் தெரியாது. ஆகவே தளமானது ஒரு சிறு சீட்டில் ஓர் இலக்கத்தை எழுதி நமது உலாவியிடம் கொடுக்கும். அடுத்த முறை போகும்போது உலாவி அதை எடுத்துக் காட்டும். சாமான் தெரிவு செய்து கூடையில் போடுவதற்கு இது மிகவும் பிரயோசனமானது. நோக்கத்திற் குற்றமில்லை.

ஆனால் ஒரு பக்கத்தில் விளம்பரம் போடும் மூன்றாம் ஆளும் தன் சீட்டைக் கொடுக்கலாமென்று ஆயிற்று. அதே விளம்பரக்காரன் ஆயிரம் தளங்களில் கடை விரித்திருந்தால், நாம் எங்கெங்கே போனோம் என்ற முழுக்கதையும் அவனிடம் சேர்ந்துவிடும். காலையில் பத்திரிகை, பகலில் ஒரு வியாதியின் பெயர், மாலையில் கடன் கொடுக்கும் கொம்பனி என்று எல்லாம் ஒரே இலக்கத்தின் கீழ் எழுதப்படும். கழுத்தில் தகர வில்லை அணிந்து போனவர்களின் கொள்ளுப்பேரர்களாகிய நமக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? இலக்கம் நம்மிடம்தான் இருக்கிறது. அதை வாசிக்கத் தெரிந்தவன் வேறொருவன்.

இனி தமிழின் கதை. உலகத்தார் வேகத்தையும் அழகையும் பார்த்து உலாவியைத் தெரிந்தெடுத்த நாட்களில், தமிழர் பார்த்தது ஒன்றே ஒன்று: எழுத்துத் தெரிகிறதா? யுனிகோட் என்னும் பொது அட்டவணையில் 1991ஆம் ஆண்டிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டதாயினும், சாதாரணக் கணினிகள் அதைக் காட்டப் பல வருடம் சென்றது. அதுவரை ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாதவனுக்குத் தமிழுக்குப் பதிலாகக் கோணல் மாணலான ஐரோப்பிய எழுத்துக்கள்தான் தெரியும். 1997ஆம் ஆண்டளவில் பக்கத்தோடு எழுத்துருவையும் சேர்த்து அனுப்பும் உபாயம் வந்தது. அதிலும் நெட்ஸ்கேப்புக்கு ஒரு முறை, எக்ஸ்புளோரருக்கு வேறொரு முறை. நெட்ஸ்கேப் தோற்றபின் பல தமிழ்த் தளங்கள் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஒழுங்காகத் தெரிந்தன. தாய்மொழியில் படிக்க வேண்டுமாயின் இன்ன கொம்பனியின் சாளரத்தைத்தான் திறக்க வேண்டும் என்ற நிலை அது.

நெட்ஸ்கேப்பின் சாம்பலிலிருந்து எழுந்த மொஸில்லாக்காரர் 2004ஆம் ஆண்டு நவம்பரில் பயர்பொக்ஸை வெளியிட்டார்கள். இலாப நோக்கமில்லாத ஸ்தாபனம். நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஆனாலும் தமிழர் சிலர் அதை வேண்டா வெறுப்பாகவே பாவித்தார்கள். இரு பக்க ஓரமும் நேராக அமையுமாறு பக்கத்தை அமைத்திருந்தால், விண்டோஸ் கணினியில் அது தமிழ் எழுத்துக்களைக் கொம்பு வேறு, கால் வேறாகப் பிரித்துப்போடும். 2008இல் மூன்றாம் பதிப்பு வந்த பிறகே அந்த நோய் தீர்ந்தது. நல்ல நோக்கமுள்ள உலாவியாயினும் "கொ" என்பதை ஒழுங்காகக் காட்டத் தெரியாவிட்டால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பாவனைக்கு எளிமை என்பது ஆடம்பரமன்று என்பதை இந்தச் சிறு விஷயம் காட்டும்.

மலையகத்துக்கு இணையம் வந்தது பெரும்பாலும் கணினி வழியாகவன்று, கைத்தொலைபேசி வழியாகவே. இங்கேதான் நமது கதையின் மையம் இருக்கிறது.

நோர்வே நாட்டு ஒபேரா கொம்பனி 2006ஆம் ஆண்டு சனவரியில் ஒபேரா மினி என்னும் சிறு உலாவியை உலகெங்கும் வெளியிட்டது. விலை குறைந்த, பொத்தான் வைத்த போனிலும் அது ஓடும். அதன் சூட்சுமம் இது: நாம் கேட்கும் பக்கத்தை நமது போன் நேரே போய் எடுக்காது. ஒபேராவின் சேர்வர் என்னும் பெரிய கணினி அதை எடுத்து, பிரித்து, சுருக்கி, பத்தில் ஒரு பங்களவாக்கி நமக்கு அனுப்பும். ரீலோட் அட்டையில் ஐம்பது ரூபா போட்டவனுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

தமிழுக்கு அது செய்த உதவி இன்னும் பெரிது. அந்நாளைய போன்கள் பலவற்றில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் வரிவரியாகப் பெட்டிகள் தெரியும். ஒபேரா மினியின் முகவரிக் கட்டத்தில் ஒரு சொல்லை அடித்தால் மறைந்திருக்கும் பட்டியல் ஒன்று திறக்கும். அதில் சிக்கலான எழுத்துக்களைப் படமாகக் காட்டு என்ற பொருள்பட ஒரு வரி உண்டு. அதற்கு "ஆம்" என்று கொடுத்துவிட்டால், தமிழ் எழுத்துக்களை அங்கேயே படமாக வரைந்து அனுப்பிவிடுவார்கள். நாம் எட்டு வயதுப் பிள்ளையாயிருந்தபோது, கொழும்பில் கடைச் சிப்பந்தியாயிருந்த சித்தப்பா தீபாவளிக்கு வந்தவர், லயத்து வாசலில் உட்கார்ந்து தமது நொக்கியா போனில் இந்த வித்தையைச் செய்து காட்டினார். பெட்டிகள் மறைந்து, தமிழ்ச் செய்தி வந்து நின்றது. அயலார் கூடிவிட்டார்கள். ஒருவர் தமது கிராமத்தின் பெயரைச் சொல்லித் தேடச் சொன்னார். இன்னொருவர் தங்க விலையைக் கேட்டார். பாட்டிக்குக் கடிதம் படித்துக் காட்டிய அதே வாசல்தான்.

அப்போது நமக்குத் தெரியாது; இப்போது தெரிகிறது. கடிதத்தைப் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்ததுபோல, இங்கும் தமிழைப் படமாக்கித் தர ஓர் ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆள் நமது பக்கத்தைப் பிரித்துப் பார்க்காமல் அந்த வேலையைச் செய்ய முடியாது. வங்கியின் பக்கம் போலப் பூட்டுப் போட்டு வரும் பக்கங்களும் நடுவிலுள்ள சேர்வரிலே திறக்கப்பட்டு, மறுபடியும் பூட்டப்பட்டுத்தான் நமக்கு வந்தன. ஒபேரா கொம்பனியார் இதை ஒளித்ததில்லை. இடையில் எவரும் பார்க்கக் கூடாதென்றால் முழு உலாவியைப் பாவியுங்கள் என்று தாமே எழுதி வைத்திருந்தார்கள். அதை வாசித்தவர் எத்தனை பேர்? தபாற் பை மறுபடியும் கந்தோர் வழியாகவே வந்தது. கந்தோர் மட்டும் நோர்வேக்கு மாறியிருந்தது. அதற்காக ஒபேராவை நிந்திக்க நமக்கு மனம் வரவில்லை. அது இல்லாவிட்டால் அந்த வாசலில் தமிழே வந்திராது.

எல்லாத் தபாற்காரரும் அவ்வளவு நாணயமானவர்களல்லர். யூசி பிரௌசர் என்பதும் இதேபோல மலிவான போன்களிலே பெரிதும் பரவியது. 2014இல் சீனாவின் அலிபாபா கொம்பனி அதை வாங்கியது. 2015ஆம் ஆண்டு மே மாதத்தில் கனடாவின் ரொறொன்ரோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சிற்றிசன் லாப் என்னும் ஆய்வுகூடம் அதன் அன்ட்ரொயிட் பதிப்புகளைப் பரிசோதித்தது. தேடும் சொற்கள், இருப்பிடம், போனின் அடையாள இலக்கங்கள் முதலியவை பூட்டில்லாமலோ, எளிதில் உடைக்கத்தக்க பூட்டோடோ வெளியே போவதைக் கண்டு அறிக்கையிட்டது. இந்திய அரசாங்கம் 2020ஆம் ஆண்டு ஜூன் 29இல் தடை செய்த 59 செயலிகளுள் அதுவும் ஒன்று. அந்தத் தடையின் காரணம் எல்லையிலே நடந்த மோதலோடு சேர்ந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தூரத்துக் கொம்பனியை விட்டு இனி நமது காம்பராவுக்குள் வருவோம். மேல்நாட்டார் அந்தரங்கம் என்று எழுதும்போது, ஓர் ஆளுக்கு ஒரு போன், ஒரு அறை என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறார்கள். நம்மிடமோ ஐந்து பேருக்கு ஒரு போன். உலாவி தான் போன இடங்களையெல்லாம் ஒரு பட்டியலில் எழுதி வைக்கும். அந்தப் பட்டியலுக்கு ஆங்கிலத்தில் இட்ட பெயரும் சரித்திரம் என்பதே. சரித்திரம் படிக்கும் நமக்கு அதில் ஒரு வேடிக்கை. தங்கை தன் உடம்பைப் பற்றி ஒரு சந்தேகத்தைத் தேடுகிறாள். மாலையில் தமையன் போனை எடுத்தவுடன் அது மேலே வந்து நிற்கிறது. கேட்பதற்குத் தாயிடமும் கூச்சம், தேடுவதற்குப் போனிடமும் பயம் என்றால் அவள் எங்கே போவாள்?

இதற்காகவே மறைநிலைச் சாளரம் என்று ஒன்றை உலாவிகளில் வைத்திருக்கிறார்கள். அதை மூடியவுடன் பட்டியலும் குக்கியும் அந்தப் போனிலிருந்து அழிந்துவிடும். ஒரே போனைப் பலர் பாவிக்கும் நமது வீடுகளுக்கு இது மெத்த உபகாரம். ஆனால் அதோடு உலகமே நம்மைக் காணாது என்று நினைப்பது தவறு. தொலைபேசிக் கொம்பனிக்கும் போகும் தளத்துக்கும் அது ஒன்றையும் மறைக்காது. குரோமின் மறைநிலையைப் பற்றி அமெரிக்காவில் 2020இல் தொடுத்த வழக்கில், அவ்வாறு சேர்த்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிப்பதற்குக் கூகிள் 2024ஆம் ஆண்டில் இணங்கியது. திரை போட்டது நமது வாசலுக்குத்தான், சந்திக்கல்ல.

நமக்கும் ஓர் அனுபவம் உண்டு. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்த நாளில், பட்டணத்திலுள்ள ஒரு கொம்யூனிகேஷன் கடையில் வரிசையில் நின்று பார்த்தோம். பார்த்த சந்தோஷத்தில் அதே கணினியில் மின்னஞ்சலையும் திறந்து ஆசிரியருக்கு எழுதிவிட்டு, மூடாமலே வெளியேறினோம். மறுநாள் அதே கடைக்குப் போன சிநேகிதன் ஒருவன், நாம் ஆசிரியருக்கு எழுதியதை ஒரு சொல்லும் தவறாமல் ஒப்புவித்தான். பெருமையோடு எழுதிய கடிதம். அதைப் பிறர் வாயால் கேட்டபோது காது சுட்டது. கடைக்காரர்மேல் பழியில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஆங்கில மனனமும் மேசை ஒழுங்கும் கற்றுத் தந்தார்கள். வெளியே போகும்போது கதவை மூடு என்றும் கற்றுத் தந்தார்கள். கணினிக்கும் கதவு உண்டென்பது நமக்கு அன்றுதான் உறைத்தது.

இனி எதைத் தெரிவு செய்வது? நமது அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறோம். 2008ஆம் ஆண்டு செப்ரெம்பரில் வந்த குரோம் வேகமானது, தமிழை அழகாகக் காட்டுவது, அன்ட்ரொயிட் போனில் முன்னரே இருப்பது. இன்று உலகில் மூன்றில் இரண்டு பங்கினர்வரை அதையே பாவிக்கிறார்கள். ஆனால் அதைச் செய்வது விளம்பரத்தால் வாழும் கொம்பனி. மூன்றாம் ஆளின் குக்கியை இரண்டு வருடத்தில் ஒழிப்போம் என்று 2020 சனவரியில் கூகிள் சொன்னது. தவணை மேல் தவணை கேட்டு, 2024 ஜூலையில் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. கோழிக்கூட்டுக்குப் பூட்டுச் செய்யும் பணியை நரியிடம் கொடுத்தால் தாமதமாகத்தான் செய்யும். ஆப்பிளின் சபாரி அதே குக்கியை 2020 மார்ச்சில் முற்றாகத் தடுத்துவிட்டது. பயர்பொக்ஸ், பின்தொடரும் விளம்பரக் குக்கிகளை 2019 செப்ரெம்பர் முதல் நாம் கேளாமலே தடுக்கிறது. சபாரிக்கு ஆப்பிள் போன் வேண்டும். அதன் விலையை நமது நாட்சம்பளத்தால் பிரித்துப் பார்த்தால் மயக்கம் வரும். பயர்பொக்ஸ் எந்தப் போனிலும் ஓடும். அன்ட்ரொயிட் போனில் விளம்பரத்தைத் தடுக்கும் துணைச் செயலியையும் அதில் சேர்க்கலாம். விளம்பரம் நின்றால் டேட்டா மிஞ்சும், பக்கமும் விரைவில் திறக்கும். அந்தரங்கமும் சிக்கனமும் ஒன்றுசேரும் அபூர்வமான இடம் இது.

பயர்பொக்ஸ் முற்றுந் துறந்த முனிவர் என்று எண்ண வேண்டாம். மொஸில்லாவின் வருமானத்திற் பெரும்பங்கு, தேடுபொறியாகத் தன்னையே வைப்பதற்குக் கூகிள் கொடுக்கும் பணம். அதே காரணத்துக்காக ஆப்பிளுக்கு 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 20 பில்லியன் டொலரைக் கூகிள் கொடுத்ததாக அமெரிக்க நீதிமன்ற ஆவணங்கள் சொல்கின்றன. நாம் ஒரு சொல்லைத் தேடுவது இவ்வளவு விலையுள்ளதா என்று வியப்பாயிருக்கிறது. பிரேவ் என்பதும் நல்லதே. விளம்பரத்தைத் தானே தடுக்கும், ஆனால் தன்னுடைய விளம்பரத்தையும் நாணயத்தையும் கொண்டு வந்து காட்டும், அதை நிறுத்தி வைக்கத் தெரிய வேண்டும். ரோர் உலாவி ஒளித்து வைப்பதில் சிறந்தது. ஆனால் மழைக்காலத்தில் இரண்டு கோடு சிக்னலில் அதைத் திறந்து ஒரு விண்ணப்பப் படிவத்தை நிரப்பப் பொறுமை வேண்டும்.

உலாவியை ஒட்டிய இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியவில்லை. 2018ஆம் ஆண்டு மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் திகன, தெல்தெனிய பக்கங்களில் கலகம் மூண்டபோது முகப்புத்தகம், வட்ஸ்அப் முதலியவற்றை அரசாங்கம் தடுத்தது. 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் அப்படியே நடந்தது. அந்நாட்களில் நம் வாலிபர்கள் கண்ட கண்ட இலவச விபிஎன் செயலிகளை இறக்கினார்கள். அதுவும் ஒரு தபாற் பையே. நமது போக்குவரத்து முழுவதும் அதன் வழியாகவே போகும். அவுஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர் 2016இல் 283 விபிஎன் செயலிகளைப் பரிசோதித்தபோது, 100க்கு 18 எந்தப் பூட்டுமே போடவில்லை என்று கண்டார்கள். தடை நீங்கிய பின்னும் அச்செயலிகளை வைத்திருப்பவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. இன்று மாலையே எடுத்துவிடுதல் நன்று.

1931ஆம் ஆண்டில் கோ. நடேசய்யர் ஹற்றனுக்கு வந்து தொழிற்சங்கம் அமைத்தார். அதற்குப் பத்து வருடத்துக்கு முன்பு, வெளியார் தோட்டத்துக்குள் நுழைவது குற்றமாயிருந்த காலத்தில், அவர் புடவை வியாபாரிபோல வேஷம் போட்டு உள்ளே போய்த் தொழிலாளரின் நிலையைக் கண்டார் என்பது நம் பெரியவர்கள் சொல்லும் கதை. துரைக்குத் தெரியாமல் ஒரு செய்தி லயத்துக்குள் போகவும், லயத்திலிருந்து வெளியே வரவும் அன்று வேஷம் வேண்டியிருந்தது. அந்தரங்கத்தைக் குற்றவாளிகளின் தேவை என்று சில அன்பர்கள் பேசும்போது நமக்கு நினைவு வருவது அந்தப் புடவை மூட்டைதான். சம்பளக் கணக்கைச் சரிபார்க்க, சேமலாப நிதியின் உரிமையை அறிய, வேறு வேலை தேட நினைக்கும் ஒரு தொழிலாளியும் அதே மூட்டையைத்தான் வேறு உருவத்தில் சுமக்கிறான்.

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில் பாட்டியின் போனை எடுத்துப் பயர்பொக்ஸைப் போட்டோம். எழுத்தைப் பெரிதாக்கினோம். விளம்பரத் தடையைச் சேர்த்தோம். கூடலூரிலிருந்து தமையனாரின் பேரன் அனுப்பியிருந்த கோயில் திருவிழாப் பக்கத்தைத் திறந்து கையில் கொடுத்தோம். பாட்டி முதியோர் வகுப்பில் எழுத்துக் கற்றவர். மெல்ல மெல்ல வாய்க்குள்ளேயே படித்தார். "சத்தமாகப் படியுங்கள் பாட்டி, நாங்களும் கேட்கிறோம்" என்றாள் தங்கை.

"இது எனக்கு வந்தது" என்று சொல்லிவிட்டுப் பாட்டி போனைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார்.